பந்திக்கறி விருந்துக்கு எந்த மது, பன்றியைத் தவிர்ப்பவருக்கு எது?

வேளச்சேரிவாசி:
வணக்கம். வரும் ஞாயிறன்று எங்கள் வீட்டில் எட்டுப் பேருக்கு விருந்து. குடகில் பிறந்த என் மனைவி, தன் தாயாரின் கைப்பக்குவத்தில் பன்றிக்கறியும் (அங்கே அதைப் பந்திக்கறி என்பார்கள்) கடம்புட்டும் (ஆவியில் வேகவைத்த அரிசி உருண்டை) செய்யவிருக்கிறார். மது அருந்துபவர்களுக்கு இதனோடு எது பொருந்தும்?

இரண்டாவது கேள்வியே என்னை அதிகம் வாட்டுகிறது. வருபவர்களில் இருவர் இஸ்லாமிய நண்பர்கள். சென்ற ஆண்டு இந்நகரின் ஓர் உணவகத்தில், “போர்க் பீஸ் எதுவும் கிடையாது சார்” என்று சொல்லி அவர்களுள் ஒருவருக்கு ராமென் என்ற ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பைப் பரிமாறினார்கள். பாதிக் கிண்ணம் குடித்த பிறகுதான் அந்த வெண்ணிறச் சாறே பன்றி எலும்பைக் கொதிக்கவைத்து எடுத்தது என்று தெரிந்தது. அவர் கரண்டியை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தண்ணீர் குடித்தது இன்னும் என் கண்முன் நிற்கிறது. அங்கே அழைத்துச் சென்றவன் நான். உணவில் பன்றி கலந்திருப்பதை எப்படி முன்கூட்டியே அறிவது?

பெரம்பூர் சமையற்கட்டு:
உங்கள் நண்பருக்கு வந்தது டொன்கொட்சு ராமென். ஜப்பானிய மொழியில் ‘டொன்’ என்றால் பன்றி. கொரிய உணவகங்களில் சம்கியொப்சல் என்பது பன்றியின் வயிற்றுப்பகுதிச் சதை. கிம்ச்சி (புளிக்கவைத்த முட்டைக்கோஸ்) சூப்பிலும் பன்றி சேர்ப்பது வழக்கம். பேக்கன், ஹாம் ஆகியவற்றின் முன்னால் சிக்கன் போன்ற வேறு பெயர் இல்லையென்றால் பன்றி என்றே கொள்ளுங்கள். உள்ளே கோழிக்கறி இருக்கும் சாசேஜுக்குக்கூடப் பன்றிக்குடல் உறையாக இருக்கக்கூடும். ‘போர்க் இருக்கிறதா’ என்று கேட்டால் பரிமாறுபவர் துண்டுகளை மட்டுமே நினைப்பார். ஆகவே சாறு எந்த எலும்பில் எடுத்தது, எந்தக் கொழுப்பில் வதக்கியது, சாசேஜின் உறை எது என்று சமையற்கட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

பொட்டலத்தில் உள்ள பழுப்பு முக்கோணம் அசைவம் என்று மட்டுமே சொல்லும், எந்த விலங்கு என்று சொல்லாது. பன்றிக்கொழுப்பு சேர்த்திருந்தால் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. எனவே பொருட்பட்டியலைப் படியுங்கள். வெளிநாட்டு மிட்டாய்களில் ஜெலட்டின் என்று மட்டும் இருந்தால், அது பன்றித்தோலிலிருந்தும் எடுத்ததாக இருக்கலாம்.

அண்ணாநகர் ரசிகன்:
பந்திக்கறியின் உயிர் கச்சம்புளி, அதாவது குடகில் பழச்சாற்றைக் காய்ச்சி எடுக்கும் கறுப்புப் புளிக்காடி. மிளகின் காரமும் கொழுப்பும் அந்தப் புளிப்பும் சேர்ந்த கறிக்கு நன்றாகக் குளிர்ந்த லாகர் பீர் போதும். குமிழி நாக்கில் படிந்த கொழுப்பைக் கழுவிவிடும். வைன்தான் வேண்டுமென்றால் சற்றே இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் வாங்குங்கள். துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைன் வேண்டாம், காரத்தோடு சேரும்போது வாய் வறண்டுபோகும். விஸ்கி, ரம் போன்றவற்றின் சாராயச்சத்து எரிச்சலை மேலும் கூட்டும். குடிக்காதவர்களுக்கு உப்புப் போட்ட எலுமிச்சை சோடா கொடுங்கள்; புளிப்பும் குமிழியும் அதிலும் உண்டு.

திருவல்லிக்கேணி வாசகர்:
ஐயா, உங்கள் நண்பர்களின் நிலையில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன். எங்களில் சிலர் மது பரிமாறும் மேசையில் அமர மாட்டார்கள்; சிலருக்கு அதில் தடையில்லை. முன்னதாகவே தொலைபேசியில் விவரத்தைச் சொல்லிவிட்டால், வருவதா வேறொரு நாள் வருவதா என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். வந்தால், ஹலால் கடையிலிருந்து பிரியாணி வாங்கி, அந்தப் பாத்திரத்திலிருந்தே வாழையிலையில் பரிமாறுங்கள். கறியில் போட்ட கரண்டி அதன் அருகே வர வேண்டாம்.

வேளச்சேரிவாசி:
மிக்க நன்றி. இருவரிடமும் பேசிவிட்டேன். ஒருவர் மதியமே வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார். மற்றவர் இரவு விருந்துக்கே வருகிறார். பந்திக்கறியைத் தனி மேசையில் வைக்கவிருக்கிறோம்.