கடல்பாசி போட்டு ட்ரைஃபிள்: கஸ்டர்ட் நீர்க்காமல், அடுக்கு கலையாமல் செய்வது எப்படி?

கீழக்கரை அடுப்படி:
அஸ்ஸலாமு அலைக்கும். 15 பேருக்கு ட்ரைஃபிள் (கேக், பழம், கஸ்டர்ட் அடுக்கின இனிப்பு) செய்யணும். காலையில் செய்து வைத்து மஃரிபுக்குப் (அந்தித் தொழுகை) பிறகு பரிமாறுவது. ஜெல்லி பாக்கெட்டில் இருக்கும் ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று தெரியாது, அதனால் கடல்பாசிதான் (அகர் அகர்). கஸ்டர்ட் சாயங்காலத்துக்குள் ஏன் நீர்த்துப்போகிறது? பாசியைக் கேக் மேல் ஊற்றினால் கேக் மிதக்குமா? ஃபிரிட்ஜ் சின்னது, மதியம் கரண்டும் போகும். க்ரீம் இல்லாமல் முடியுமா?

ராம்நாடு பேக்கரி மாஸ்டர்:
வ அலைக்கும் ஸலாம். முதலில் கஸ்டர்ட். 1 லிட்டர் பாலுக்குக் கஸ்டர்ட் பவுடர் தலை தட்டி 6 மேசைக்கரண்டி, சர்க்கரை 100 கிராம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு ஊற்றிக் குடிக்கிற பதத்துக்கு. அடுக்குக்கு அது பத்தாது. பவுடரை ஆறின பாலில் கரைத்து, கொதிக்கும் பாலில் விட்டுக் கிளறுங்கள். கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள், தப்பு அங்கேதான். தளதளவென்று குமிழி வந்த பிறகும் 2 நிமிடம் கிளறணும். மாவு முழுசாக வேகாவிட்டால் ஆற ஆறத் தண்ணீர் பிரியும்.

இன்னொரு காரணம் ருசி பார்க்கிற கரண்டி. வாயில் வைத்த கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் விட்டால், எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கும். கெட்டியாக இருந்தது கொஞ்ச நேரத்தில் கஞ்சித் தண்ணி ஆகிவிடும். உறைந்த கஸ்டர்டை மறுபடி போட்டு அடிப்பதும் அதே கதைதான். ஆடை படியாமல் இருக்க வெதுவெதுப்பு வரை கிளறி, அந்தச் சூட்டிலேயே அடுக்கிவிடுங்கள்.

பாசியைக் கேக் மேல் ஊற்றவே வேண்டாம். மிதக்கும், இல்லாவிட்டால் கேக் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். தட்டில் தனியாக உறையவைத்து, அரை அங்குலத் துண்டு போட்டு, வெள்ளைத் துணியில் 10 நிமிடம் பரப்பி ஈரம் போனதும் அள்ளிப் போடுங்கள். 10 கிராம் பாசிக்கு 700 மில்லி தண்ணீர். அரை மணி ஊறவைத்து, ஒரு இழைகூட இல்லாமல் கரையும் வரை கொதிக்கவைத்து வடிகட்டணும். நம்ம ஊர் உவர் தண்ணீர் ஆகாது, கேன் தண்ணீர் எடுங்கள். நன்னாரி சர்பத் விட்டால் நிறமும் மணமும் வரும். எலுமிச்சை பிழிவதானால் இறக்கின பிறகுதான்; புளிப்போடு கொதித்தால் பாசி இறுகாது.

கரண்ட் பயம் பாசிக்கு இல்லை. சுமார் 35–40 டிகிரியிலேயே உறையும், உறைந்தது 85 டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் உருகும். ஜெலட்டின் நம்ம ஊர் மதிய வெயிலிலேயே இளகிவிடும்.

பாம்பன் காத்து:
கடைச் சரக்கு பாசி மட்டும் வாங்குங்க லாத்தா. மண்டபம், பாம்பன் பக்கம் மிதவையில் வளர்ப்பது காரஜீனன் என்கிற கெட்டிப்படுத்தும் பொருள் எடுக்கிற பாசி, அது வேறு. கரையில் கிடைக்கிற பச்சைப்பாசியை அப்படியே காய்ச்சினால் மணலும் கவிச்சியும்தான் மிஞ்சும்.

பழம்: வேகவைக்காத அன்னாசியும் பப்பாளியும் பாலோடு சேர்ந்தால் கசக்கும். போட்டே ஆகணும் என்றால் அன்னாசியைச் சர்க்கரையோடு 5 நிமிடம் வேகவைத்து ஆறவைத்துப் போடலாம். தர்பூசணி வேண்டவே வேண்டாம், ஊரெல்லாம் தண்ணீர். மாம்பழம், மாதுளை நல்லது. வாழைப்பழம் கறுக்கும், அதனால் கஸ்டர்டுக்கு அடியில் மூடியிருக்கட்டும். பழத்தில் தனியாகச் சர்க்கரை தூவாதீங்க, அதுவே சாறு விடவைக்கும்.

வேறு வீட்டுக்குக் கொண்டுபோவதானால் ஐஸ் போட்ட தெர்மாக்கோல் பெட்டி. மீன் வைத்த பெட்டி ஆகாது, எத்தனை தடவை கழுவினாலும் பால் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும்.

தேங்காய்ப்பால்:
க்ரீம் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. கடையில் கிடைக்கிற சின்ன பாக்கெட் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. 35 சதவீதம் வேணும், அதையும் ஐஸ் மேல் வைத்து அடிக்கணும்.

பதிலுக்கு ஒரு கருப்பட்டி அடுக்கு போடுங்கள். சாயல்குடிக் கருப்பட்டி 150 கிராமை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி, இளம்பாகாகக் காய்ச்சி ஆறவிடணும். தேங்காயின் இரண்டாம் பால் 300 மில்லியில் 3 மேசைக்கரண்டி சோளமாவு கரைத்துக் கொதிக்கவிட்டு, இறக்கும்போது 200 மில்லி முதல் பால். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும். சூடு தணிந்ததும் பாகு, ஒரு சிட்டிகை உப்பு. ஆனால் தேங்காய்ப்பால் சீக்கிரம் புளிக்கும், அன்றைக்கே முடித்துவிடணும்.

கீழக்கரை அடுப்படி:
ஜஸாக்கல்லாஹ். கேக் எது, எவ்வளவு? ரஸ்க் போடலாமா?

ராம்நாடு பேக்கரி மாஸ்டர்:
முதல் நாள் வாங்கின சாதா ஸ்பாஞ்ச், 400 கிராம். பட்டர் கேக்கில் நெய்ப்பசை அதிகம், நனைக்க விடும் சர்க்கரைப் பாகு உள்ளே இறங்காது. ரஸ்க் தாராளமாகப் போடலாம், 250 கிராம் போதும்; கேக்குக்கு 150 மில்லி பாகு விட்டால் ரஸ்க்குக்கு 250 மில்லி. ஓரத்தில் கரண்டியால் அழுத்தினால் அடியில் பாகு ஊறித் தேங்கக் கூடாது. வரிசை: கேக், பழம், பாதிக் கஸ்டர்ட், பாசித்துண்டு, மீதிக் கஸ்டர்ட். அது இறுகின பிறகு கருப்பட்டி அடுக்கு, மேலே மாதுளை. பாதாம் சீவல் பரிமாறும்போதுதான், முன்னாடியே தூவினால் நமுத்துவிடும். ஃபிரிட்ஜ் சின்னது என்றால் ஒரே பெரிய கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பதில் இரண்டு தட்டையான டப்பா வையுங்கள், குளிர்ச்சி சீக்கிரம் பிடிக்கும். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். வெளியே எடுத்த பிறகு நம்ம வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.