36ஆவது கிழமையிலும் தலை மேலேதான்: பிள்ளையைத் திருப்பிப் பார்ப்பதா என்று முடிவெடுத்த அனுபவங்கள்

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்

என் இரண்டாவது மகள் பிறந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அவள் வயிற்றில் இருந்த கடைசிக் கிழமைகளில் நான் எடுக்க வேண்டியிருந்த ஒரு முடிவைப் பற்றி எழுதுகிறேன். அந்த நாட்களில் இப்படியோர் அனுபவத்தைத் தமிழில் வாசிக்க இரவிரவாகத் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. அதே தேடலில் இருக்கும் யாருக்காவது இது உதவட்டும்.

எங்கள் பகுதிக் குடும்பநல மாது 34ஆவது கிழமையில் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வலப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களை நிறுத்தி, "இது தலை போல கிடக்குது பிள்ளை, அடுத்த முறையும் பார்ப்பம்" என்றார். அவர் சொன்ன பிறகுதான் பல விடயங்கள் எனக்கு விளங்கின. படுக்கையில் சரியும்போது சிரட்டை போல உருண்டையான ஒன்று விலாவை முட்டும். பிள்ளைக்கு விக்கல் எடுத்தால் தொப்புளுக்கு மேலேதான் துடிக்கும். உதைகள் எல்லாம் அடிவயிற்றில் விழுந்ததால் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்து போக வேண்டியிருந்தது. மூத்தவளைச் சுமந்தபோது இவை அனைத்தும் எதிர்ப்பக்கமாக இருந்தன.

36ஆவது கிழமை ஸ்கானில் பிள்ளை சப்பாணி கட்டியிருப்பது போலக் கால்களை மடித்து, பிட்டம் கீழாக உட்கார்ந்திருந்தது. ஸ்கான் எடுத்த தனியார் இடத்தில் இருந்த வைத்தியர் திரையைப் பார்த்தபடியே, 38ஆவது கிழமையில் சிசேரியன் செய்ய நாள் குறித்துக்கொள்ளுமாறு சொன்னார். வேறு வழி உண்டா என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள் அடுத்தவரின் பெயர் அழைக்கப்பட்டது. சிசேரியனில் எனக்கு வெறுப்பில்லை. அது தேவைப்பட்ட எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் என் உடம்பைப் பற்றிய ஒரு முடிவு இரண்டு நிமிடத்தில், எனக்கு எதுவும் விளங்கப்படுத்தாமலே எடுக்கப்பட்டது இன்றைக்கும் என் மனத்தை உறுத்துகிறது.

வயிற்றின் மேலிருந்து கைகளால் பிள்ளையைத் திருப்பிப் பார்க்கலாம் என்று சொன்னவரும் குடும்பநல மாதுதான். அவர் தந்த கடிதத்தோடு அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த மகப்பேற்று நிபுணர் ஆறுதலாகக் கதைத்தார். 28ஆவது கிழமையளவில் நான்கு அல்லது ஐந்து பிள்ளைகளில் ஒன்று இப்படிப் பிட்டம் கீழாக இருக்கும் என்றும், அநேகமானவை தாமாகவே திரும்பிவிடுவதால் மாதம் நிறையும்போது நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் எஞ்சுவார்கள் என்றும், 36 கிழமைக்குப் பிறகு தானாகத் திரும்புவது குறைவு என்றும் சொன்னார். திருப்பும் முயற்சி ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பலிக்கும். முதற்பிள்ளைக்காரருக்கு நூற்றுக்கு நாற்பது, ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்கு அறுபது என்று வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்கு, முயற்சிக்குப் பின் பிள்ளையின் இதயத்துடிப்புச் சீராகாமலோ இரத்தம் போயோ உடனடியாகச் சத்திரசிகிச்சை செய்ய நேரிடும். அதனால்தான் சத்திரசிகிச்சைத் தியேட்டர் அருகில் உள்ள இடத்தில் மட்டுமே இதைச் செய்வதாகச் சொன்னார்.

திருப்பாமலே, பிட்டம் முதலில் வரும்படி பெற முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் அதற்குக் கைப்பழக்கம் உள்ள வைத்தியர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். 26 நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்யப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, இத்தகைய பிள்ளைகளுக்குத் திட்டமிட்ட சிசேரியனே பாதுகாப்பானது என்று காட்டியது. பிறகு அந்த ஆய்வைப் பற்றிப் பல விமரிசனங்கள் வந்தன. இருந்தும் அதற்குப் பின் உலகெங்கும் இத்தகைய பிரசவங்கள் குறைந்து, அந்தக் கைப்பழக்கமும் குறைந்துவிட்டதாம்.

வீட்டில் ஆளுக்கொரு கதை. வயிற்றை யாரும் அமுக்க விடக்கூடாது என்று அம்மா அழுதார். லண்டனில் இருக்கும் மச்சாள் அங்கே இது வழமையாகச் செய்வதுதான் என்று தொலைபேசியில் சொன்னார். மாமி ஒன்றும் சொல்லாமல் சந்நிதிக்கு நேர்த்தி வைத்தார். என் கணவருக்கு வவுனியாவில் வேலை, கிழமைக்கு ஒருமுறைதான் வீடு வருவார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நான்கு வயதுப் பிள்ளையைத் தூக்காமல், கிணற்றில் தண்ணீர் அள்ளாமல் ஆறு கிழமை இருப்பது எப்படி என்ற கேள்வி எனக்கு இருந்தது. மூன்றாவது பிள்ளை வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. கர்ப்பப்பையில் ஒரு தழும்பு இருந்தால் அடுத்த முறைக்கு அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இருந்தாலும் என் மனத்தைத் தீர்மானித்தவை இவையல்ல. இளங்கொடி (நஞ்சுக்கொடி) பின்பக்கம் இருக்கிறது, நீர் போதுமான அளவு இருக்கிறது, இது இரண்டாவது பிள்ளை என்று என்னுடைய ஸ்கானையே கையில் வைத்து நிபுணர் விளங்கப்படுத்தியதும், நான் எந்த நேரத்தில் "போதும்" என்றாலும் நிறுத்திவிடுவேன் என்று அவர் சொன்னதும்தான்.

37ஆவது கிழமையில் ஒரு வியாழக்கிழமை காலை போனேன். வயிற்றில் பட்டிகளைக் கட்டி அரை மணித்தியாலம் பிள்ளையின் துடிப்பைப் பதிந்தார்கள். கர்ப்பப்பை தளர்வதற்காக ஓர் ஊசி போட்டதும் என் நெஞ்சு படபடவென்று அடித்து விரல்கள் நடுங்கின. அது மருந்தின் குணம், பயத்தால் அல்ல என்று தாதி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கட்டிலின் கால்மாட்டைச் சற்று உயர்த்தி, வயிற்றில் ஜெல் தடவி, நிபுணர் ஒரு கையின் விரல்களை அடிவயிற்றில் ஆழமாக இறக்கிப் பிட்டத்தை மேலே தூக்கினார். மற்றக் கை தலையின் பின்புறத்தில் இருந்தது. பிள்ளை குட்டிக்கரணம் போடும் திசையில் சிறிது சிறிதாகத் தள்ளினார். முதல் முறை பாதி வந்து குறுக்காக நின்றது. ஸ்கானில் துடிப்புக் குறைந்தது தெரிந்ததும் உடனே கையெடுத்து என்னை இடப்பக்கம் சரித்தார்கள். துடிப்பு வழமைக்கு வந்து சேரும்வரை அந்த அறையில் யாரும் கதைக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் கண்டதில்லை.

இரண்டாவது முறையும் பார்ப்பதா என்று என்னிடம்தான் கேட்டார்கள். தலையசைத்தேன். நோ இருந்தது; பல்லைக் கடித்துத் தாங்கக்கூடிய, ஆனால் லேசானது என்று சொல்ல முடியாத நோ. திடீரென்று வயிறு முழுவதும் ஒரு பக்கமாக வழுக்கிப் போனது போல இருந்தது; அவருடைய கைகள் அசையாமல் நின்றன. "வந்திட்டா" என்றார். எல்லாமாகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடியும் பட்டிகளைக் கட்டித் துடிப்பைப் பார்த்து, இரத்தம் போனாலோ, நீர் உடைந்தாலோ, விடாத நோ இருந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ உடனே வரும்படி சொல்லிப் பின்னேரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால் இன்னோர் ஊசியும் போட வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை.

அன்றிரவு அவளுக்கு விக்கல் எடுத்தது. தொப்புளுக்குக் கீழே துடித்தது.

39 கிழமையும் ஐந்து நாளும் ஆனபோது சுகப்பிரசவம்.

உடுவிலிலிருந்து

எனக்குத் திருப்பும் முயற்சி பலிக்கவில்லை; அதையும் இங்கே பதிய வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்கு முதற்பிள்ளை, வயிற்றுத் தசை இறுக்கம், மகனுடைய கால்கள் இரண்டும் நீட்டி முகத்தருகே இருந்தன. கால் நீட்டியிருக்கும் பிள்ளையைத் திருப்புவது கடினம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் தொடங்கினார்கள். மூன்று முறை முயன்றார்கள், பிட்டம் இடுப்பெலும்பை விட்டு மேலே வரவேயில்லை. 39ஆவது கிழமையில் சிசேரியன். தோற்றுவிட்டேன் என்று அன்று பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தது உண்மை. ஆனால் சத்திரசிகிச்சை மேசையில் படுத்தபோது மனத்தில் சந்தேகம் இருக்கவில்லை. பார்க்கக்கூடியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம் என்ற நிம்மதி இருந்தது.

பிறந்த முதல் நாட்களில் மகன் இரண்டு பாதங்களையும் காதருகே வைத்துக்கொண்டு படுத்திருப்பான். துணியால் சுற்றினாலும் கால்கள் மேலே எழும்பும். பார்க்க வந்த எல்லோரும் பயந்தார்கள். ஒரு சில கிழமைகளில் தானாகவே சரியாகியது. ஆனால் பிட்டம் கீழாக இருந்த பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டுச் சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்புக் கூடுதலாம், அதிலும் பெண்பிள்ளைகளுக்கு. ஆறு கிழமையளவில் இடுப்பு ஸ்கான் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். கோண்டாவில் சகோதரி, உங்கள் மகள் கடைசியில் திரும்பியிருந்தாலும் 36ஆவது கிழமையில் அப்படி இருந்தவள்தானே, அவளுக்கும் பார்த்தீர்களா?

ஓய்வுபெற்ற ஒரு குடும்பநல மாது

முப்பது வருடங்களுக்கு மேல் தீவகத்திலும் வலிகாமத்திலும் வேலை செய்தவள் நான். கோண்டாவில் மகளின் குடும்பநல மாது 34ஆவது கிழமையில் தலையின் இடத்தைக் கையால் கண்டுகொண்டதை வாசித்தபோது மனம் நிறைந்தது.

இந்த முடிவை எடுப்பவர்கள் வைத்தியசாலைக்கும் தங்கள் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். யுத்த காலத்தில் நெடுந்தீவிலிருந்து ஒரு பெண்ணைப் படகில் குறிகட்டுவானுக்குக் கொண்டு வந்தோம். பிள்ளையின் கால் கீழே இருந்தது எங்களுக்குத் தெரியும். ஆனால் நாள் இருக்கிறது என்று வீட்டில் வைத்திருந்தார்கள். கடலின் நடுவில் பன்னீர்க்குடம் உடைந்து தொப்புள்கொடி வெளியே வந்துவிட்டது. தலை கீழே இருக்கும் பிள்ளை வாசலை அடைத்துக்கொள்ளும். கால் கீழே இருந்தால் இடைவெளியால் கொடி நழுவும். அவளை முழங்காலில் நிறுத்தி, நெஞ்சைப் படகின் பலகையில் வைத்து, என் விரல்களால் பிள்ளையைக் கொடியில் அழுத்தாதபடி மேலே தாங்கிக்கொண்டே கரைக்கு வந்து, வாகனத்திலும் கையை எடுக்காமல் தியேட்டர் வாசல் வரை போனேன். பிள்ளை பிழைத்தது. கை மரத்துப் போய் அன்று முழுவதும் ஒரு பேனையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஆகவே திருப்பினாலும் சரி, சிசேரியன் என்றாலும் சரி, தூரத்தில் இருப்பவர்கள் நேரத்தோடு நகருக்கு வந்து உறவினர் வீட்டிலாவது தங்கியிருங்கள்.

இன்னொன்று. நல்லெண்ணெய் தடவி வயிற்றைத் தடவிப் பிள்ளையைத் திருப்பிவிடுவதாகச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இளங்கொடி எங்கே இருக்கிறது, பிள்ளையின் துடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் வயிற்றில் கை வைக்க விடவே விடாதீர்கள். இளங்கொடி கர்ப்பப்பையை விட்டுப் பிரிந்தால் தாயையும் பிள்ளையையும் சேர்த்து இழக்க நேரிடலாம். முழங்காலில் குனிந்து இருப்பதால் பிள்ளை திரும்பும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆறுதலுக்காகச் செய்தால் தீங்கும் இல்லை.

கொக்குவிலிலிருந்து

நாங்கள் திருப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தோம். என் மனைவிக்கு நீர் குறைவு என்று ஸ்கான் காட்டியது, இரண்டு கிழமைக்கு முன் சிறிது இரத்தமும் போயிருந்தது. வைத்தியரே இந்த நிலையில் தான் முயற்சிக்கப் போவதில்லை என்றார். உறவினர் சிலர் நாங்கள் பயந்து பின்வாங்கியதாகச் சொன்னது அவளை மிகவும் நோகடித்தது. 'பிட்டம் கீழாக' என்று ஒரே பெயரால் அழைக்கப்படுவதால் எல்லோருடைய நிலையும் ஒன்றாகிவிடாது என்பதைச் சுற்றியிருப்பவர்கள் தயவுசெய்து விளங்கிக்கொள்ள வேண்டும்.

காரைநகரிலிருந்து

எனக்கு 35 கிழமை. வருகிற செவ்வாய்க்கிழமை ஸ்கான். எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்தேன். அங்கே போய் என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. வைத்தியரின் முன் இருந்தால் எனக்கு வாய் வராது.

கோண்டாவிலிலிருந்து, மீண்டும்

உடுவில் சகோதரிக்கு: ஆம், ஆறாவது கிழமையில் மகளின் இடுப்பை ஸ்கான் செய்தோம், நன்றாக இருக்கிறது. கேட்டதற்கு நன்றி, எங்களுக்கும் அதை எடுக்கச் சொல்லி எழுதித் தந்திருந்தார்கள்.

காரைநகர்த் தங்கச்சிக்கு: எனக்கும் வாய் வரவில்லை. அதனால் கர்ப்பிணிப் பதிவேட்டின் உள்ளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போனேன், அந்தத் தாளை அப்படியே அவரிடம் நீட்டினேன். பிள்ளையின் கால்கள் மடங்கியா, நீட்டியா இருக்கின்றன? இளங்கொடி எந்தப் பக்கம்? நீர் எவ்வளவு? திருப்புவதற்கு எனக்குத் தடை ஏதும் உண்டா? நீங்கள் செய்வதானால் எங்கே, எத்தனையாவது கிழமையில்? பலிக்காவிட்டால் அடுத்து என்ன? முடிவெடுக்க எனக்கு எத்தனை நாள் தருவீர்கள்? அவர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே பேனையால் பதில் எழுதித் தந்தார். உங்களுக்கு முதற்பிள்ளையா, படகோ பஸ்ஸோ இல்லாமல் இரவில் வைத்தியசாலைக்கு வர ஓட்டோ கிடைக்குமா என்பதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 35ஆவது கிழமை என்றால் இன்னும் தானாகத் திரும்ப இடமிருக்கிறது. இன்றிரவு விக்கல் எடுத்தால் எந்தப் பக்கம் துடிக்கிறது என்று கையை வைத்துப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை ஸ்கான் முடிந்ததும் இங்கே எழுதுங்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.