தம்பியின் கெட்டமைன் பழக்கம்: சிறுநீர்ப்பை தேறுமா?

என் தம்பி ஒரு வருஷமாகக் கெட்டமைன் பொடியை மூக்கில் இழுக்கிறான் என்பது போன மாதம்தான் தெரிந்தது. ஆபரேஷனுக்குக் கொடுக்கிற மயக்க மருந்துதானே, ஒன்றும் ஆகாது என்று வாதாடுகிறான். சரி, அங்கே மூச்சையும் நாடியையும் கவனிக்க டாக்டர் இருக்கிறார், இவனுக்கு யார்? உடம்பை விட்டு மிதப்பது போல இருக்குமாம். நான் பார்த்தது வேறு: கண் திறந்தபடி, கூப்பிட்டால் பதிலில்லாமல் சுவரோரம் கிடந்தான்.

இப்போது அரைமணிக்கு ஒருமுறை பாத்ரூம் ஓடுகிறான். எரிச்சல், அடிவயிற்று வலி, நேற்று ரத்தமும் கலந்து வந்தது. இந்த மருந்து சிறுநீர்ப்பையின் உள்சுவரைப் புண்ணாக்கி, போகப்போகப் பையையே சுருக்கிவிடும் என்று படித்தேன். நாளை யூராலஜிஸ்டிடம் அழைத்துப் போகிறேன். அடியோடு நிறுத்தியபின் யாருக்காவது தேறியிருக்கிறதா? எவ்வளவு நாளானது? அப்புறம், திட்டாமல் அவனிடம் எப்படிப் பேசுவது?