படிப்புக்கென்று விழுங்கும் குளிசைகள்: நாங்கள் கண்ட அறிகுறிகள்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு சித்தி

என் அக்காவின் மகன் ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். சென்ற விடுமுறைக்கு அவன் எங்கள் வீட்டில் வந்து தங்கியபோது கண்டவற்றை, பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க விட்டிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன். அவனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு இல்லை. அறைத்தோழனுக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த வைவான்ஸ் என்ற, மூளையைத் தூண்டி விழிப்பாக வைக்கும் ஏ.டி.எச்.டி. ஊக்க மருந்தைப் பரீட்சைக் காலத்தில் கேட்டு வாங்கத் தொடங்கி, பின்னர் பரீட்சை இல்லாத நாட்களிலும் அது இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்திருந்தான். இந்த விவரம் பிறகுதான் தெரிந்தது. முதலில் எங்கள் கண்ணில் பட்டது அவனுடைய சாப்பாடு.

பிட்டும் மீன் குழம்பும் என்றால் கோப்பையை வழித்துச் சாப்பிடும் பிள்ளை, காலையில் இரண்டு வாய் அளைந்துவிட்டு எழுந்துபோவான். வாய் உலர்கிறது என்று தண்ணீரை மட்டும் ஓயாமல் குடிப்பான். முற்றத்து வெயிலில் நிற்கும்போதுகூடக் கண்ணின் கருமணி விரிந்தே இருந்தது. பேச்சு வேகமாக இருந்தது. பேசாத நேரங்களில் பல்லை நெரித்துக்கொண்டிருந்தான். இரவு முழுவதும் அறையில் விளக்கு எரியும். பயணக் களைப்பு, நேர மாற்றம் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நேர மாற்றத்தால் வரும் களைப்பு நாளுக்கு நாள் குறைந்து சீராகிவிடும். அவனுக்கோ சில நாட்கள் இப்படிப் பரபரப்பாகக் கழிந்த பின், பகலும் இரவும் எழும்பாமல் தூங்குவதும், எழுந்ததும் அகோரப் பசியோடு சாப்பிடுவதும், காரணமில்லாமல் சினப்பதும் அழுவதுமாக வேறொரு கட்டம் வந்தது. அது முடிந்ததும் மீண்டும் பழைய பரபரப்பு. ஊக்க மருந்து உடலில் ஏறி இறங்கும் சுற்று இதுதான் என்று பின்னர் வைத்தியர் விளக்கினார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். ஆனால் இந்தச் சுற்று திரும்பத் திரும்ப வருவதைக் கண்டால் நீங்கள் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

என்னை உண்மையில் அச்சப்படுத்தியவை வேறு இரண்டு. கடல் என்றால் உயிரை விடுபவன், எல்லோரும் நிலாவெளிக்குப் புறப்பட்ட அன்று வர மறுத்து, ரொறன்ரோவிலிருந்து வரவிருந்த இன்னொரு உறவினருக்கு அழைப்புமேல் அழைப்பு எடுத்து, ஒரு பொதியைக் கொண்டுவரும்படி கெஞ்சிக்கொண்டிருந்தான். அதன்பின் ஒருநாள், பக்கத்து வீட்டார் மதிலருகே நின்று தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அங்கே ஒருவரும் இருக்கவில்லை. இந்த மருந்துகளின் அளவு மிஞ்சும்போது இல்லாததைக் காண்பதும் வீண் சந்தேகமும் ஏற்படக்கூடும். அந்நிலையில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்று காத்திருப்பது ஆபத்தானது.

அவனுடைய சித்தப்பா, அவன் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில், குரலை உயர்த்தாமல் கேட்டார். “சித்தப்பா, அது இல்லாட்டி எனக்கு ஒரு பக்கம்கூட வாசிக்க ஏலாது” என்றான். மறுநாளே மருந்துப் போத்தலோடு அவனை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம்.

நகரில் பாமசியில் நெடுங்காலம் பணியாற்றிய ஒருவர்

அக்கா எழுதியது வீட்டுக்குள் தெரிந்தது. கடையின் முன்பக்கத்தில் தெரிவதை நான் சொல்கிறேன். மெதைல்பெனிடேட், அதாவது பலர் ரிட்டலின் என்ற பெயரில் அறிந்த, ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் இன்னொரு ஊக்க மருந்து, 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உளவியல் மருந்துகள் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருப்பது. மருந்துச் சிட்டை இல்லாமல் கொடுக்க முடியாதது. ஆகவே தேவை மிஞ்சியவர் முதலில் சிட்டையில்தான் கைவைப்பார். ஒரு மாதத்துக்குக் கொடுத்தது இரண்டு கிழமையில் முடிந்துவிட்டது, போத்தல் தண்ணீரில் விழுந்துவிட்டது, பேருந்தில் தவறிவிட்டது என்று ஒவ்வொரு முறையும் ஒரு புதிய காரணம் வரும். ஒரே மருந்துக்கு இரண்டு வைத்தியர்களின் சிட்டைகள் வரும். எண்ணிக்கை மட்டும் வேறு மையில் திருத்தப்பட்டிருக்கும். தம்பிக்கு எழுதியதை அண்ணன் வாங்க வருவார், ஆனால் தம்பியின் வயதைக் கேட்டால் தடுமாறுவார்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொரு வேறுபாடும் உண்டு. இலங்கையில் ப்ரீகபலின், ட்ராமடோல் போன்ற வலி மருந்துகள் பிடிபட்ட செய்திகளையே நாம் அதிகம் வாசிக்கிறோம். அவை மந்தப்படுத்துபவை. அவற்றை எடுத்தவர் தூங்கி வழிவார், பேச்சுக் குழறும். ட்ராமடோல் என்றால் கருமணி சுருங்கும். ஊக்க மருந்தில் நிலைமை நேரெதிர். மந்தத்தை மட்டும் தேடுகிற பெற்றோர், விழித்திருந்து இரவெல்லாம் படிக்கும் பிள்ளையைப் பார்த்து மகிழ்ந்துவிடுவார்கள். உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் இதை நான் மிகுந்த கவலையோடு நினைப்பதுண்டு.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்

இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆயினும் என் போன்ற தாய்மார் இதை வாசித்துவிட்டுப் பிள்ளையின் மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது, கிளினிக்கில் தரும் மெதைல்பெனிடேட்டை எடுக்கிறான். அவனுக்கும் மதியச் சாப்பாடு குறைவுதான். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அவனுடைய நிறையையும் உயரத்தையும் அளந்து பார்க்கிறார்கள். பசிக் குறைவு மட்டும் அடிமையாதலின் அறிகுறி ஆகாது. 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். 5 கையேடு, ஊக்க மருந்துப் பயன்பாட்டுக் கோளாறுக்கு, அதாவது அதற்கு அடிமையாதலுக்கு, 11 அளவுகோல்களைத் தந்து, 12 மாதங்களுக்குள் அவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்கிறது. வைத்தியரின் கண்காணிப்பில் சொன்னபடி எடுப்பவருக்கு, மருந்து உடலுக்குப் பழகிப்போவதும் நிறுத்தும்போது வரும் உபாதையும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. என் மகன் தன் குளிசையை மறந்துவிடுகிறான், நான்தான் ஞாபகப்படுத்துகிறேன். அடிமையானவர் மறப்பாரா?

அக்கா, நிறுத்திய பிறகு உங்கள் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதையும் எழுதுவீர்களா?

உவர்மலைச் சித்தி

எழுதுகிறேன் தங்கச்சி. நீங்கள் சொன்ன வேறுபாட்டை வைத்தியரும் முதலிலேயே கேட்டறிந்தார்: யாருக்காக எழுதப்பட்ட மருந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது, வேறு ஏதும் சேர்த்தாயா என்று. நிறுத்திய முதல் நாட்களில் அவன் பெரும்பாலும் தூங்கினான், எழும்பினால் சாப்பிட்டான். உடல் தேறிவருகிறது என்று எங்களுக்கு ஆறுதலாக இருந்த அந்தக் காலத்தில்தான் மனம் மிகவும் சோர்ந்துவிடும் என்றும், தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்றும், தனியே விடாதீர்கள் என்றும் எச்சரித்தார்கள். அவன் “நான் ஒன்றுக்கும் உதவமாட்டேன்” என்று சொன்ன இரவுகளில் சித்தப்பா அவனுடைய அறையிலேயே பாய் விரித்துப் படுத்தார். இந்த அடிமைத்தனத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து ஒன்றும் இல்லை. உளவளத்துணையும் நடத்தைச் சிகிச்சையுமே வழி. ரொறன்ரோ திரும்பியதும் அங்குள்ள வைத்தியரிடம் அதைத் தொடர்கிறான். அறையை மாற்றிக்கொண்டான், இந்தத் தவணையில் பாடங்களைக் குறைத்து எடுத்திருக்கிறான்.

வைத்தியசாலைக்குச் செல்லத் தயங்கும் வீட்டார், தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற எண்ணுக்கோ, தேசிய மனநல உதவி எண்ணான 1926க்கோ அழைக்கலாம். போகும்போது மருந்துப் போத்தலையோ வெறும் அட்டையையோ தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். பெயரும் மில்லிகிராம் அளவும் அதிலேயே இருப்பதால், சொல்லக் கூச்சப்படும் பிள்ளையிடம் அவற்றைத் துருவிக் கேட்க வேண்டியதில்லை.