வடக்கு வீதி குடும்பம்: பம்ப் ஹவுஸ் பேனல்

*செந்தில், காலை 6:52*
பெரியப்பா, கொள்ளிடக்கரை பம்ப் ஹவுஸுக்குப் புது பிஎல்சி (மோட்டாரை ஓட்டற குட்டிக் கம்ப்யூட்டர்) பேனல் வருது. ரவுட்டர்ல சாதா சிம் போட்டு போர்ட் ஃபார்வர்ட் பண்ணி, அதாவது வெளிலேர்ந்து நேரா பேனலுக்கு வழி திறந்து தரேன், வீட்லேர்ந்தே மோட்டார் போடலாம்ங்கிறார் கம்பெனிக்காரர். சரின்னுடவா?

*பெரியப்பா, 6:58*
வேண்டாம். பிஎல்சி பேசற பாஷையான மோட்பஸ்ஸுக்கு பாஸ்வேர்டே கிடையாது. அதோட வாசலான 502 போர்ட் வெளில தெரிஞ்சா எவன் வேணா உள்ள வந்து வால்வை மூடுவான். மோட்டார் ஓடறப்ப பட்டுனு மூடினா ஓடற தண்ணி சட்டுனு நின்னு மோதற வாட்டர் ஹேமர் அடிச்சு ஜாயிண்ட் பிச்சுக்கும்.

*செந்தில், 7:01*
அப்படி நுழைஞ்சா ஐடி சட்டம் 70-வது பிரிவுல 10 வருஷம் ஜெயில்தானே?

*வசந்தி அக்கா, 7:04*
கெஸட்ல 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு'ன்னு அறிவிச்சிருந்தாத்தான்டா அது. முடங்கினா நாடே தடுமாறும்ங்கிற மின்சாரம், வங்கி, டெலிகாம் மாதிரி துறைகளை என்சிஐஐபிசிங்கிற மத்திய அரசு அமைப்பு பாத்துக்கும், அதை 70ஏ பிரிவுல 2014 ஜனவரில அறிவிச்சாங்க. நம்ம பம்ப் ஹவுஸ் தானா அதுல சேராது.

*வசந்தி அக்கா, 7:06*
ஆனா சைபர் தாக்குதலைக் கவனிக்கற மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னோட 2022 ஏப்ரல் 28 உத்தரவு அரசு அலுவலகம், கம்பெனி எல்லாத்துக்கும் உண்டு. அவங்களுக்குச் சொல்ல வேண்டிய சம்பவப் பட்டியல்ல ஸ்காடாவே (இந்த மாதிரி மெஷினை தூரத்துலேர்ந்து பாத்து ஓட்டற சிஸ்டம்) பேர் சொல்லி இருக்கு. தெரிஞ்ச 6 மணி நேரத்துல சொல்லணும், 180 நாள் லாக் (எப்ப என்ன நடந்ததுங்கிற பதிவு) வச்சிருக்கணும், சிஸ்டம் கடிகாரம் அரசோட என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வரோட ஒத்துப் போகணும். நேரம் தப்புன்னா லாக் இருந்தும் குப்பை.

*சித்தி, 7:09*
இன்னிக்கு தண்ணி வருமா வராதா, அதச் சொல்லுங்க மொதல்ல

*பெரியப்பா, 7:10*
வரும் வரும். கூடங்குளத்துலயே 2019-ல ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் மால்வேர் புகுந்துது. உலை கண்ட்ரோல் நெட்வொர்க் தனியா இருந்ததால அதைத் தொடலை. பில் போடற கம்ப்யூட்டரும் பேனலும் ஒரே சுவிட்ச்ல இருக்கவே கூடாது, செந்தில்.

*செந்தில், 7:13*
அப்ப ரிமோட்டே வேண்டாமா?

*பெரியப்பா, 7:16*
வேணும்னா பொது இன்டர்நெட்டுக்குப் போகாத பிரைவேட் ஏபிஎன் சிம், மேல விபிஎன்ங்கிற பூட்டின பாதை. பிஎல்சி சாவி ரன்ல இருக்கட்டும். புரோகிராம் மாத்தறப்ப மட்டும் திருப்பு. டேங்க் ஃப்ளோட்டும், தண்ணி இல்லாம ஓடினா நிறுத்தற ட்ரை ரன் ரிலேயும் ஸ்டார்ட்டர் ஒயரிங்லயே நேரா வரணும். பிஎல்சி பொய் சொன்னாலும் மோட்டார் தானா நிக்கும். புரோகிராம் காப்பி ரெண்டு, ஒண்ணு பம்ப் ஹவுஸுக்கு வெளில.

*வசந்தி அக்கா, 7:18*
ஸ்க்ரீன்ல காசு கேட்டு மெசேஜ் வந்தா நெட் ஒயரை மட்டும் உருவு. பவரை ஆஃப் பண்ணாத, மெமரில இருக்கற தடயம் போயிடும். ஃபார்மேட்டும் கூடாது. அவசரத்துல எல்லாரும் பண்ற தப்பு இதான். ஃபோட்டோ எடுத்துட்டு மோட்டாரை லோக்கல்ல, அதாவது பம்ப் ஹவுஸ்ல நின்னு கையால ஓட்டு.

*செந்தில், 7:21*
சரிக்கா. கொட்டேஷன்ல ரவுட்டர் வரியை அடிச்சுட்டு அனுப்பறேன்.

*பெரியப்பா, 7:22*
லோக்கல்/ரிமோட் செலக்டர் சுவிட்சையும் எழுதிடு. சொல்லலேன்னா அதை விட்டுட்டுதான் பேனல் அடிப்பாங்க.