பழைய நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வரும் காவி நிறத் தண்ணீர்: வாயை அடைப்பதா, சுண்ணாம்பு போடுவதா?

செந்தூல் மலர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

சிலாங்கூரில் பத்து ஆராங் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்ப் பக்கம் என் மாமாவுக்குச் சின்ன நிலம் இருக்கிறது. வாழை, மரவள்ளி, ஒரு தீலாப்பியா குளம். நான் கோலாலம்பூரில் இருந்தாலும் வார இறுதியில் அங்கேதான் இருப்பேன். எங்கள் தாத்தா அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1915-இல் தொடங்கி 1960-இல் மூடிய சுரங்கம். மலாயா ரயில் ஓடியதே அந்தக் கரியில்தான்.

நிலத்தின் பின்னால் மேட்டடியில் ஒரு செங்கல் வளைவு பாதி மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. அதன் அடியிலிருந்து வருடம் முழுக்கத் தண்ணீர் வருகிறது. வெளியே வரும் இடத்தில் கண்ணாடி மாதிரி தெளிவு. பத்தடி தள்ளிப் பார்த்தால் மஞ்சள். வாய்க்காலில் இறங்கும்போது முழுக்கக் காவி. கல், வேர், விழுந்த இலை எல்லாவற்றின் மேலும் சேறு படிந்து, கையால் தொட்டால் மாவு மாதிரி பிசுபிசுக்கிறது. போன மழைக்காலத்தில் அது குளத்துக்குள் வழிந்து மீன்குஞ்சு அத்தனையும் செத்துப்போனது. ஒரு அலுவலகத்தில் போய்ச் சொன்னோம். இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அங்கேயும் பதில் இல்லை.

மாமா ஒரு குத்தகைக்காரரைக் கூப்பிட்டுப் பேசினார். வளைவை சிமெண்டு போட்டு அடைத்துவிடலாம் என்று அவர் சொல்கிறார். இன்னொருவர் வாய்க்காலில் சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் போதும் என்கிறார். எதைச் செய்வது?

ரவாங் பாலா எழுதியது:

அவசரப்பட்டுச் சுரங்கம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் செம்மண்ணிலிருந்து கசியும் சாதாரண நிலத்தடி நீரிலும் இரும்பு நிறைய உண்டு. எங்கள் தாமான் (குடியிருப்பு) பின்பக்கச் சாக்கடையிலும் இதே காவிதான். தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி பளபளப்பு இருந்தால் ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து தனித்தனியாக நின்றால் அது இரும்புப் பாக்டீரியாவின் ஏடு. உடைந்ததும் மறுபடி ஒன்றுசேர்ந்தால்தான் நிஜ எண்ணெய்.

கெப்போங் ரசாயனர் எழுதியது:

பாலா சொல்வது சரி. நிறத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் வருடம் முழுக்க, அதுவும் பழைய சுரங்க வாயிலிருந்தே வருகிறது என்பதால் சந்தேகம் நியாயமானது. வேலை செய்த காலம் முழுக்கக் கழிவுநீர் ஆய்வகத்தில்தான் இருந்தேன், வெள்ளீய லம்பங் (சுரங்கம்) தண்ணீரும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் சிமெண்டு. தயவுசெய்து வேண்டாம், மலர்மா. அடைத்தால் தண்ணீர் நின்றுவிடாது, உள்ளே ஏறும். பத்து மீட்டர் ஏறினாலே அடைப்பின் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் பத்து டன் அழுத்தம். ஒன்று அடைப்பு பிய்த்துக்கொண்டு போகும், இல்லையென்றால் யாரோ ஒருவர் வீட்டுப் பின்னால் புது ஊற்றாக வெடிக்கும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கம் இருந்தது. 1991-இல் மூடி, பம்புகளை நிறுத்தினார்கள். 1992 ஜனவரியில் உள்ளே தேங்கிய அமிலத் தண்ணீர் அடைப்பை உடைத்துக்கொண்டு வந்து ஃபால் கழிமுகம் வரை காவியாக்கிவிட்டது. பொறியாளர் பாறையை ஆய்வு செய்து கட்டும் அடைப்பு வேறு, குத்தகைக்காரர் ஒரு நாளில் பூசும் அடைப்பு வேறு. அந்த வளைவுக்குள் தலையை நீட்டிக்கூடப் பார்க்காதீர்கள். பழைய சுரங்கக் காற்றில் பிராணவாயு குறைந்திருக்கும், மூக்குக்குத் தெரியாது, ஆள் அப்படியே சரிந்துவிடுவார்.

தண்ணீர் ஏன் தெளிவாக வந்து காவியாகிறது? நிலக்கரியிலும் அதை ஒட்டிய பாறையிலும் பைரைட் என்ற கனிமம் இருக்கும், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. தோண்டும்போது காற்றும் தண்ணீரும் அதன் மேல் படும். கந்தகம் கந்தக அமிலமாகும், இரும்பு கரைந்துவிடும். பாக்டீரியா இந்த வேலையை வேகப்படுத்தும். உள்ளே பிராணவாயு இல்லாததால் கரைந்த இரும்புக்கு நிறம் தெரியாது. வெளியே வந்து காற்று பட்டதும் துருவாக மாறிப் படிகிறது. மீன்குஞ்சின் செவுளில் அடைத்துக்கொண்டது அதுவாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த இரும்பு துருவாகும்போது மறுபடியும் அமிலத்தை வெளியிடும். சுரங்க வாயில் பி.எச். (7-க்குக் கீழே போகப் போக அமிலம் அதிகம்) 6 காட்டும் தண்ணீர் கொஞ்ச தூரம் போனதும் 4-க்கும் கீழே இறங்கலாம். வாயில் மட்டும் அளந்து நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் சுண்ணாம்பா, குளமா, நாணலா என்று யோசிப்பதற்கு முன் தண்ணீரை அளந்துவிடுங்கள். பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று ஃபோனில் பாருங்கள், மழை நாளிலும் வெயில் நாளிலும். ஒரு பாட்டிலில் வாய் ததும்பப் பிடித்து உடனே பி.எச். பாருங்கள். இன்னொன்றைப் பாதி பிடித்து, நன்றாகக் குலுக்கி, மூடாமல் சில நாள் வைத்து மறுபடி பாருங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் இரும்பு, மாங்கனீஸ், அலுமினியம், சல்ஃபேட், மொத்தக் காரத்தன்மை (தண்ணீர் எவ்வளவு அமிலத்தைச் சமன்செய்யும் என்ற அளவு) கேளுங்கள். காரத்தன்மையை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. சல்ஃபேட் அதிகம் வந்தால் பாலாவின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். செம்மண் ஊற்றில் அவ்வளவு சல்ஃபேட் வராது.

செந்தூல் மலர் எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. சிமெண்டு வேலையை நிறுத்திவிட்டோம். மாமா சொன்னதும் குத்தகைக்காரர் கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

ஆய்வக முடிவு வந்துவிட்டது. வாளி நிறைய 25 விநாடி, மழைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வாயில் பி.எச். 6.1. குலுக்கித் திறந்து வைத்த பாட்டிலில் அடியில் காவி படிந்து, மேலே தெளிந்த தண்ணீரில் பி.எச். 3.8. நீங்கள் சொன்னபடியே நடந்ததைப் பார்த்து மாமா வாயடைத்துப்போனார். இரும்பு லிட்டருக்கு 32 மில்லிகிராம், கிட்டத்தட்ட அத்தனையும் கரைந்த நிலையில். காரத்தன்மை 40. அலுமினியம் மிகக் குறைவு. சல்ஃபேட் 300-க்கும் மேல். அப்படியென்றால் இது சுரங்கத் தண்ணீர்தானே? இன்னொன்றும் கேட்கணும்: மூடி இத்தனை வருடம் ஆகியும் ஏன் நிற்கவில்லை?

பினாங்கு கவிதா எழுதியது:

சல்ஃபேட்டைப் பார்த்தால் சுரங்கம்தான் என்று எனக்கும் தோன்றுகிறது. கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இதைப் படித்திருக்கிறேன்.

சுரங்கம் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிவிட்டால் உள்ளே பிராணவாயு போக வழியில்லை, பைரைட் புதிதாக அமிலமாவது ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் வேலை நடந்த காலத்தில் சுவரில் படிந்த உப்புகள் முதலில் கரைந்து வரும், அந்தக் கட்டம்தான் மிக மோசம். சுரங்கம் நிரம்ப எவ்வளவு காலம் ஆனதோ அதைப்போல் நான்கு மடங்கு காலத்தில் அது தணியும் என்று பிரிட்டனில் சுரங்க நீரை ஆராய்ந்த பால் யங்கர் ஒரு கணக்கு சொன்னார். 1960-இல் மூடியதற்கு அந்தக் கட்டம் பெரும்பாலும் கடந்திருக்கும். இன்னமும் இரும்பு 32 மில்லிகிராம் வருகிறது என்றால், வளைவின் மட்டத்துக்கு மேலே இருக்கும் பழைய குடைவுகள் மூழ்காமல் காற்று வாங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் இது நம் காலத்தில் நிற்காது.

அதனால்தான் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள், அக்கா. பிரிட்டனில் 1999 வரை கைவிட்ட சுரங்கத்தின் தண்ணீருக்கு உரிமையாளர் மேல் வழக்கே போட முடியாத சட்டம் இருந்தது. பழைய நிலக்கரிச் சுரங்கங்களுக்காக அங்கே 1994-இல் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. அது இப்போது 80-க்கும் மேற்பட்ட சுத்திகரிப்பு இடங்களை நடத்துகிறது. அமெரிக்காவில் 1977 சட்டப்படி இன்றைய சுரங்கங்கள் தோண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் கட்டணம் கட்டுகின்றன, பழைய சுரங்கங்களைச் சரிசெய்ய. ஜெர்மனியில் ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018-இல் மூடியும் பம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கென்றே ஓர் அறக்கட்டளை. உங்கள் மாமா ஒருவர் தலையில் இதைக் கட்டுவது நியாயமே இல்லை. சிலாங்கூரில் ஆறு, வாய்க்கால் மாசுக்கு லுவாஸ் என்ற மாநில நீர் மேலாண்மை வாரியம் இருக்கிறது. ஆய்வக அறிக்கையோடு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது போதும்.

கெப்போங் ரசாயனர் எழுதியது:

கவிதா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். எழுத்தில் கொடுங்கள். மலர்மா, இப்போது உங்கள் எண்களைப் பார்ப்போம்.

ஒரு மில்லிகிராம் இரும்பு துருவாக ஏறத்தாழ 1.8 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்னும். 32-க்கு 57 வேண்டும். உங்களிடம் இருப்பது 40, பதினேழு குறைகிறது. பாட்டிலில் பி.எச். விழுந்ததற்கு இதுதான் காரணம். பெரிய பற்றாக்குறை இல்லை, இது நல்ல செய்தி.

சுண்ணாம்பு என்றால் நீர்த்த சுண்ணாம்பைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். உங்கள் வாய்க்காலில் ஒரு நாளைக்கு 34,000 லிட்டருக்கு மேல் ஓடுகிறது, அதற்குத் தினம் ஒரு கிலோ கூட ஆகாது. மலிவுதான். ஆனால் தினமும் ஒரு கை அங்கே இருக்கவேண்டும். ஒரு நாள் நின்றால் காவி திரும்ப வரும். கொஞ்சம் கூடிப்போனால் பி.எச். 11-க்குத் தாவி மீன் மறுபடியும் சாகும். மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் நடக்கப்போவது அதுதான்: முதல் வாரம் கொதிக்கும் காரம், அப்புறம் மேலே துரு படிந்த கெட்டிக் கல்.

சுண்ணாம்புக் கல்லை வாய்க்காலில் பரப்பினாலும் இதே கதை. காற்றுபட்ட இடத்தில் கல்லின் மேல் துரு ஓடு கட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கும் கல் கரையவே கரையாது. அதனால் தண்ணீர் காற்றைப் பார்ப்பதற்கு முன்பே கல்லுக்குள் விடவேண்டும். வளைவுக்கு வெளியே தண்ணீரை அப்படியே மூடிய குழாயில் பிடித்து, சுண்ணாம்புக் கல் நிரப்பிய நீளமான பள்ளத்துக்குள் விட்டு, மேலே கனமான பிளாஸ்டிக், அதன் மேல் களிமண் போட்டு மூடுவார்கள். இரும்பு கரைந்த நிலையிலேயே இருப்பதாலும் அலுமினியம் இல்லாததாலும் உங்கள் தண்ணீருக்கு இது பொருந்தும். அலுமினியம் இருந்திருந்தால் சில மாதத்தில் அடைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் கல்லுக்குள் 14 மணி நேரமாவது தங்கவேண்டும். உங்கள் ஓட்டத்துக்குக் கணக்குப் போட்டால் 65 முதல் 70 டன் கல். ஈப்போ பக்கத்துக் குவாரிக் கல் தரமானது, ஆனால் லோரி வாடகையும் சேரும். இந்தப் பணத்தை உங்கள் மாமா போடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரசிடம் கேட்கும்போது என்ன கேட்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும்.

பள்ளத்திலிருந்து வெளியே வந்ததும் படிப்படியாகக் கல் மேல் விழ விடுங்கள். ஒரு மில்லிகிராம் பிராணவாயு ஏழு மில்லிகிராம் இரும்பைத் துருவாக்கும். நம் சூட்டில் தண்ணீர் ஏழு, ஏழரை மில்லிகிராம் வரை பிராணவாயு பிடிக்கும், ஆகவே ஒரே ஒரு படிக்கட்டு வரிசை உங்கள் 32-க்குப் போதும். பி.எச். ஒன்று கூடினால் துருவாகும் வேகம் நூறு மடங்கு கூடும், நம் வெயிலும் உதவும். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இல்லாத வசதி.

அப்புறம் படியவிடும் குளம், அதன் கீழே நாணலும் சம்புக்கோரையும் நட்ட ஆழம் குறைந்த பாத்தி. செடி இரும்பைப் பெரிதாக உறிஞ்சாது. ஓட்டத்தைத் தணித்து, தண்டில் துருவைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்குப் பத்து கிராம் இரும்பு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். உங்களுடையது ஒரு நாளைக்கு 1.1 கிலோ, ஆக 110 சதுர மீட்டர். பேட்மிண்டன் கோர்ட் ஒன்றும் அதில் மூன்றில் ஒரு பங்கும்.

இதில் எல்லாரும் மறப்பது சேறு. வருடத்துக்கு முக்கால் டன்னுக்கு மேல், அதுவும் காய்ந்த கணக்கில். ஈரத்தோடு அள்ளும்போது பல மடங்கு. எங்கே கொட்டுவது, யார் அள்ளுவது என்று முதல் நாளே எழுதி வைக்கவில்லை என்றால் சில வருடத்தில் குளம் தூர்ந்து, தண்ணீர் மேலேறி மறுபடியும் வாய்க்காலுக்கே போகும். நான் பார்த்த கெட்டுப்போன குளங்களில் பெரும்பாலானவை வேதியியலால் கெடவில்லை, அள்ள ஆள் இல்லாமல் கெட்டன.

அறிக்கையில் 2009 தொழிற்கழிவு விதிகளின் அளவையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள்: குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே என்றால் இரும்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், மற்ற இடத்தில் 5. உங்களுடையது 32. படிக்கும் அதிகாரிக்கு அந்த ஒரு வரி போதும்.

இப்போதைக்கு உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வாய்க்காலுக்கும் தீலாப்பியா குளத்துக்கும் நடுவில் ஒரு மண்வரப்பு போட்டு, வளைவுத் தண்ணீரைக் குளத்தைச் சுற்றித் திருப்பி விடுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

செந்தூல் மலர் எழுதியது:

வரப்பு வேலையை மாமாவும் தம்பியும் இந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறார்கள், ஐயா. கடிதம் நான் எழுதுகிறேன். அனுப்புமுன் கணக்கு சரியா என்று நீங்களும் கவிதாவும் ஒருமுறை பார்த்துச் சொல்லவேண்டும்.

கெப்போங் ரசாயனர் எழுதியது:

அனுப்புங்கள் மலர்மா, பார்க்கிறேன். பாட்டில் பிடித்த தேதி, நேரம், அன்று மழை பெய்ததா என்பதையும் கடிதத்தில் சேருங்கள்.