'புனைநோயாளி' என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவ, செவிலிய மாணவர்கள் பேசிப் பழகுவதற்காகச் செயற்கை நுண்ணறிவு ஏற்கும் நோயாளி வேடத்துக்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு இங்கே வந்த சொற்களைப் படித்தேன்.

'போலி நோயாளி' வேண்டவே வேண்டாம். போலி மருத்துவர் என்று செய்திகளில் படித்துப் பழகிய நமக்கு அது மோசடிக்காரரைத்தான் நினைவூட்டும். 'பயிற்சி நோயாளி'யும் ஒட்டவில்லை. பயிற்சி மருத்துவர் என்றால் பயிற்சி பெறுபவர் அல்லவா? 'பாவனை நோயாளி' அழகான சொல்தான். ஆனால் ஈழத்தமிழில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். அங்கே குழப்பும் சொல்லை நாம் ஏன் ஆக்க வேண்டும்?

என் பரிந்துரை 'புனைநோயாளி'. புனைபெயர், புனைகதை போல வினைத்தொகை. பொய்யைக் குறிக்கும் புனைசுருட்டு என்ற சொல்லும் இருக்கிறதே என்று யாராவது கேட்கக்கூடும். புனைபெயரில் எழுதுபவரை யாரும் பொய்யர் என்பதில்லையே.

இந்தச் சொல்லில், நோயாளியாக நடிக்கும் மனிதரும் அடங்குவார். 1963இல் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் அமெரிக்காவில் ஒருவரை நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர்களின் திறனை மதிப்பிட்டார். 1972இல் மனநல மருத்துவர் கென்னத் கோல்பி எழுதிய 'பாரி' என்னும் கணினி நிரல், யாரையும் சந்தேகிக்கும் மனநோயாளியைப் போல உரையாடியது. ஆகவே நடிப்பவர் மனிதர் என்றால் 'நடிகப் புனைநோயாளி', நிரல் என்றால் 'எந்திரப் புனைநோயாளி'. 'மெய்நிகர் நோயாளி' என்ற சொல், திரையில் தெரிவுகளைச் சொடுக்கிப் போகும் பாடங்களுக்கும் வழங்குவதால் அதை அங்கேயே விட்டுவிடலாம்.

'புனை' எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், இந்த வேடத்துக்கு ஒரு கதை வேண்டும் என்பது. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று மாணவி கேட்டால், "சாப்பிடுகிறேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிட வேண்டும். "மாத்திரை சாப்பிடுவதில் என்ன சிரமம்?" என்று கேட்டால்தான், "காலை அவசரத்தில் பல நாள் விட்டுப்போகிறது" என்று வெளிவர வேண்டும். எதை, எப்போது, எவ்வளவு நயமாகக் கேட்டால் சொல்லலாம் என்று ஆசிரியர் புனைந்து வைக்கவில்லையென்றால், எந்திரம் முதல் கேள்விக்கே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. மாணவிக்குக் கேட்கும் பயிற்சி கிடைப்பதில்லை.

எழுத்தில் மட்டும் உரையாடும் எந்திரப் புனைநோயாளியிடம் முகச்சுளிப்பையோ தயக்கமான பார்வையையோ கவனிக்கப் பழக முடியாது. கலைச்சொல் விளக்கத்தில் இந்த வரம்பையும் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். உரையாடல் முடிந்ததும் எந்திரம் மாணவருக்குத் தரும் கருத்துக்குப் 'பின்னூட்டம்' போதும், புதுச்சொல் தேவையில்லை.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.